மலிவுக்கும் ஒரு காலம்: அமெரிக்க ஸ்டேஷன் வேகன்கள் சேகரிப்புப் பொருளான வரலாறு

1949இல் ஃபோர்டு கார்களின் விலைப்பட்டியலில் உச்சியில் இருந்தது மரப்பலகை பதித்த ஸ்டேஷன் வேகன். கூரையை மடக்கி வைத்துக்கொள்ளும் கன்வெர்ட்டிபிள்கூட அதற்கு அடுத்துத்தான். பிற நிறுவனங்களிலும் ஏறத்தாழ இதே நிலைமை. ஷோரூமில் செடானைவிட அதிக விலை கொடுத்து வாங்கப்பட்ட வேகன், பழையதானதும் அதே ஆண்டின் செடானுக்கும் கூபேக்கும் பின்னால் போய் நின்றது. பல பத்தாண்டுகள் அங்கேயே நின்றது.

இதைக் கொண்டு, வேகன் இயல்பிலேயே மலிவானது, கையில் பணம் குறைவாக உள்ள சேகரிப்பாளருக்கு ஏற்றது என்று பழைய கார் உலகில் சொல்லிவருகிறார்கள். இந்தக் கணிப்பு பாதிதான் சரி. மலிவு என்பது வேகனின் இயல்பல்ல. வீட்டுக்குப் பயன்படும் வண்டி என்ற மதிப்பு தீர்ந்த பிறகு, அதில் பயணம் செய்து வளர்ந்த பிள்ளைகள் கையில் காசு சேரும் வரையிலான இடைவெளி அது. அமெரிக்க வேகனின் வரலாற்றில் இந்த இடைவெளி மூன்று முறை வந்தது. ஒவ்வொரு முறையும் வெவ்வேறு காரணத்தால் வந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மரத்தின் காலம்

ரயிலை விட்டு இறங்கும் பயணிகளையும் அவர்களுடைய டிரங்குப் பெட்டிகளையும் விடுதிக்கு ஏற்றிச் சென்ற வாடகை வண்டிகளே வேகனின் மூதாதையர். ஃபோர்டு மாடல் டியின் சேஸிஸை மட்டும் வாங்கி, அதன்மேல் தச்சரைக் கொண்டு மரக்கூடு கட்டிக்கொள்வார்கள். பக்கங்களில் கண்ணாடி கிடையாது. மழை வந்தால் கித்தான் திரையை இறக்கிவிட வேண்டியதுதான். 1923இல் டியூரன்ட் நிறுவனம் தன் ஸ்டார் கார் வரிசையிலேயே இப்படி ஒரு வண்டியைச் சேர்த்து விற்றது. 1929இல் ஃபோர்டு மாடல் ஏ வரிசையிலும் வேகன் வந்த பிறகே எண்ணிக்கை பெருகியது.

ஹென்றி ஃபோர்டுக்கு மிச்சிகன் மாநிலத்தின் வடக்கே பரந்த காடுகள் சொந்தமாக இருந்தன. அயர்ன் மவுன்டன் ஊரில் அவர் நிறுவிய ஆலை, மேப்பிளையும் பிர்ச்சையும் அறுத்து வேகன்களுக்கான சட்டங்களைச் செய்தது. மிஞ்சிய மரக்கழிவைக் கரிக்கட்டியாக்கி விற்றார்கள். அமெரிக்க வீட்டுத் தோட்டங்களில் இன்றும் இறைச்சி சுடப் பயன்படும் கிங்ஸ்ஃபோர்டு கரி அந்த வழியில் வந்ததுதான்.

அந்த மரம் அலங்காரம் அல்ல, உடலே அதுதான். ஆகவே தவறாமல் வார்னிஷ் பூசிவர வேண்டும். தவறினால் மூட்டுகள் தளர்ந்து கிறீச்சிடும், நீர் இறங்கி மரம் கறுத்து இற்றுப்போகும். கிராமப்புறத்தில் பண்ணை வீடு வைத்திருந்த செல்வந்தருக்கு இது பொருட்டல்ல. போருக்குப் பின் வேகன் வாங்க வந்த நடுத்தரக் குடும்பத்துக்கு அப்படியில்லை. 1946இல் வில்லிஸ் நிறுவனத்துக்காக புரூக்ஸ் ஸ்டீவன்ஸ் வடிவமைத்த ஜீப் வேகன் முழுக்க எஃகால் ஆனது, மரம்போலத் தோன்றும்படி வண்ணம் மட்டும் பூசப்பட்டது. 1949இல் இதே எஃகு வழியில் பிளிமத் சபர்பன் வந்தது. உண்மையான மரத்தைத் தாங்கிய கடைசி அமெரிக்கத் தொழிற்சாலை வேகன்கள் 1953இன் ப்யூக்குகள்.

முதல் இடைவெளி இங்கே பிறந்தது. ஐம்பதுகளின் இறுதியில் பத்துப் பன்னிரண்டு வயதான மர வேகனைப் பழுதுபார்க்க ஆகும் கூலி, வண்டியின் விலையைத் தாண்டிவிட்டது. கலிபோர்னியக் கடற்கரையில் அலைச்சறுக்கு ஆடிய இளைஞர்கள் அவற்றைச் சொற்பக் காசுக்கு வாங்கினார்கள். ஒன்பது, பத்து அடி நீளப் பலகை உள்ளே அடங்கும், இரவில் அதிலேயே படுத்துக்கொள்ளலாம், உப்புக்காற்றில் கெட்டாலும் இழக்க ஒன்றுமில்லை. 1963இல் ஜான் அண்ட் டீன் பாடிய ‘சர்ஃப் சிட்டி’ நாட்டிலேயே முதலிடம் பிடித்தபோது, இற்றுப்போன இந்த மர வண்டி இளமையின் சின்னமாகிவிட்டது. 1974இல் இவற்றுக்கென்றே தேசிய அளவில் ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. பிறகு தச்சு வேலையில் தேர்ந்தவர்கள் மட்டுமே தொடக்கூடிய பொருளாக மர வேகன் மாறியது. நன்கு மீட்டெடுக்கப்பட்டவை 1 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போயிருக்கின்றன. பார்க்க எவ்வளவு அழகோ, அவ்வளவு செலவு.

நோமாட் என்ற விதிவிலக்கு

1947இல் லெவிட்டவுன் போன்ற புறநகர்க் குடியிருப்புகள் எழுந்தன. 1956இல் நெடுஞ்சாலைச் சட்டம் வந்தது. இரண்டும் சேர்ந்து வேகனைக் குடும்பத்தின் முதல் வண்டியாக்கின. 1957இல் கிரைஸ்லர் நிறுவனத்தின் வேகன்களில் பின்னோக்கிப் பார்த்து உட்காரும் மூன்றாவது இருக்கை வந்தது. பின்னால் வரும் காரோட்டிக்குப் பழிப்புக் காட்டியபடி வளர்ந்த ஒரு தலைமுறைதான் பிற்பாடு இந்த வண்டிகளைத் தேடி வந்தது.

இதே காலத்துச் செவர்லே நோமாட் ஒரு தனிக்கதை. 1954இல் ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய மோட்டோராமா கண்காட்சியில், கார்வெட் முகத்தோடு ஒரு வேகன் மாதிரி வைக்கப்பட்டது. அதன் கூரை வடிவத்தை அப்படியே எடுத்து 1955இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டே கதவு, சாய்ந்த தூண், பின்கதவில் ஏழு குரோமியக் கம்பிகள். விலையோ பெல் ஏர் கன்வெர்ட்டிபிளைவிட 200 டாலருக்கு மேல் அதிகம். மழைநீர் பின்கதவு வழியே உள்ளே வந்தது. பிள்ளைகளை ஏற்ற இரண்டு கதவு போதவில்லை. 1957 முடிய மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ 22,000 வண்டிகள்தான் விற்றன. கடைசி ஆண்டில் 6,000 சொச்சம்.

வணிகத்தில் தோற்ற இதே வண்டியைத்தான் சேகரிப்போர் முதலில் கண்டுகொண்டார்கள். எனவே இரண்டாவது இடைவெளி மிகக் குறுகியது. ஆனால் நோமாட்டின் விலையைக் காட்டி ‘வேகன்களுக்கு மதிப்பு வந்துவிட்டது’ என்று சொல்வது பிழையான முடிவு. கூபேயைப்போல் இருந்ததால்தான் நோமாட் சேகரிக்கப்பட்டது. அதே ஆண்டின் நான்கு கதவுச் செவர்லே வேகன், அதே இன்ஜினோடும் அதே முகப்போடும், வெகுகாலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது.

சட்டம் மூடிய கதவு

அறுபதுகளும் எழுபதுகளும் வேகனின் பொறியியல் குதூகலம். ஃபோர்டு கன்ட்ரி ஸ்குவயரின் பக்கங்களில் மரத்துக்குப் பதில் மரக்கோடு அச்சிட்ட படலம் ஒட்டப்பட்டது. 1964இல் ஓல்ட்ஸ்மொபீல் விஸ்டா க்ரூசர் கூரையில் கண்ணாடி பதித்தது. 1966 ஃபோர்டின் பின்கதவைக் கீழ்நோக்கியும் திறக்கலாம், பக்கவாட்டிலும் திறக்கலாம். 1971 முதல் 1976 வரை ஜெனரல் மோட்டார்ஸின் பெரிய வேகன்களில் பின்கண்ணாடி கூரைக்குள்ளும் பின்கதவு தரைக்கு அடியிலும் நழுவி மறைந்தன. இவற்றில் சில 5,000 பவுண்டுக்கு மேல், அதாவது இரண்டேகால் டன்னுக்கு மேல் எடை கொண்டவை.

1973இல் எண்ணெய் நெருக்கடி. 1975இல் வந்த எரிசக்திச் சட்டத்தின்படி, ஒரு நிறுவனம் விற்கும் கார்கள் 1978 மாடல் ஆண்டில் சராசரியாகக் கேலனுக்கு 18 மைலும், 1985இல் 27.5 மைலும் தர வேண்டும். இலகு டிரக்குகளுக்குத் தனியாக, தளர்ந்த அளவு. வேகன் கார் கணக்கில் வந்தது. 1983 இறுதியில் கிரைஸ்லர் வெளியிட்ட மினிவேனும், அதே காலத்தில் வந்த ஜீப் செரோக்கியும் டிரக் கணக்கில் வந்தன. அதே வேலையைச் செய்யும் வண்டிக்கு வேறு அளவுகோல். ரசனை மாறியது என்று பலர் எழுதுகிறார்கள். ரசனை மாறியது உண்மைதான், ஆனால் அதற்கு வழி திறந்துவிட்டது சட்டம். 1983இல் வெளியான ‘நேஷனல் லாம்பூன்ஸ் வெக்கேஷன்’ படத்துக்காக ஒரு கன்ட்ரி ஸ்குவயரைக் கோரமாக மாற்றிக் கேலிப்பொருளாக்கினார்கள் என்றால், கேலிக்கு அது ஏற்கெனவே பக்குவமாக இருந்தது என்று பொருள். கன்ட்ரி ஸ்குவயர் 1991இல் நின்றது. 1996இல் டெக்சஸ் மாநிலம் ஆர்லிங்டன் ஆலையில் ப்யூக் ரோட்மாஸ்டர், செவர்லே கப்ரீஸ் வேகன்களின் உற்பத்தி முடிந்தது. அந்த ஆலை பெரிய டிரக்குகளுக்குப் போனது.

மூன்றாவது இடைவெளி

மூன்றாவது மலிவுதான் மிக நீண்டது, மிக அழிவானதும்கூட. முன்பாதி செடானுக்கும் கூபேக்கும் பொது என்பதால், விலையுயர்ந்த கூபேயை மீட்டெடுக்க வேகனை அறுத்தார்கள். பானட், ஃபெண்டர், முன்னிருக்கை, இன்ஜின் எல்லாம் கழன்று போக, மிச்சம் காயலாங்கடைக்குப் போனது. கனமான பெரிய வேகன்கள், கார்களை மோதவிட்டு நொறுக்கும் டெமாலிஷன் டெர்பி பந்தயங்களில் முடிந்தன. மலிவாக இருந்ததாலேயே அழிந்தன, அழிந்ததால் அரிதாயின.

வாங்குவோர் அறிய வேண்டிய கணக்கும் இதிலேயே இருக்கிறது. இன்ஜின், கியர்பாக்ஸ், பிரேக், முன்பக்கத் தகடுகள் ஆகியவை செடானோடு பொது என்பதால் எளிதில் கிடைக்கும். பின்பாதி அப்படியல்ல. பக்கக் கண்ணாடி, பின்கதவு, அதன் மோட்டார், மூன்றாவது இருக்கை, மரக்கோட்டுப் படலத்தைச் சுற்றிய சட்டங்கள் எல்லாம் வேகனுக்கே உரியவை. கூபேக்குச் செய்வதுபோல் இவற்றை மறுஉற்பத்தி செய்ய, விற்பனை எண்ணிக்கை எவருக்கும் கட்டுப்படியாகாது. பின்கதவின் அடியிலும் கண்ணாடிச் சட்டத்திலும் துருப்பிடித்த வேகனை 5,000 டாலருக்கு வாங்கியவர், டிங்கர் வேலை முடியும் முன்பே முழுதாக இருந்த வேறொன்றின் விலையைத் தாண்டிவிடக்கூடும். முழுமையாக உள்ள வண்டியை, இன்ஜின் ஓடாவிட்டாலும்கூட, வாங்குவதே சரி. இன்ஜினுக்கு மாற்று உண்டு, பின்கண்ணாடிக்கு இல்லை.

இந்த இடைவெளியும் மூடிவருகிறது. முதலில் மேலே போனது ஜீப் கிராண்ட் வேகனீர். இதன் மூல வடிவமும் புரூக்ஸ் ஸ்டீவன்ஸ் பெயரிலேயே இருக்கிறது. கன்ட்ரி ஸ்குவயரோடு அதே 1991இல் நின்றாலும், நான்கு சக்கர இயக்கமும் போலி மரமும் சேர்ந்து அதற்குப் பணக்கார வாடிக்கையாளரைப் பிடித்துத் தந்தன. அடுத்து 1994 முதல் 1996 வரை வந்த ரோட்மாஸ்டர் வேகன். கார்வெட் இன்ஜினின் உறவான 5.7 லிட்டர் வி8, 260 குதிரைத்திறன், எட்டுப் பேருக்கு இடம். வெளிநாட்டு வேகன்களுக்கும் ஆள் இருக்கிறார்கள். மெர்சிடிஸ் 300டிடி டீசல், வால்வோ 240 ஆகியவை முன்பே அமெரிக்காவிலேயே விற்றவை. 25 ஆண்டு கடந்த வெளிநாட்டுக் கார்களுக்கு அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளிலிருந்து விலக்கு இருப்பதால், போர்ஷேயின் உதவியோடு உருவான ஆடி ஆர்எஸ்2 வேகனையும் இப்போது சட்டப்படி இறக்குமதி செய்துகொள்ள முடிகிறது. வேகன் கேட்டு வருவோர் இவ்வளவு பரவலாக இருந்ததில்லை.

இன்னும் கைக்கெட்டும் விலையில் இருப்பவை எண்பதுகள், தொண்ணூறுகளின் முன்சக்கர இயக்க வேகன்கள். 1992 முதல் 1996 வரை அமெரிக்காவில் மிக அதிகம் விற்ற கார் ஃபோர்டு டாரஸ். அதன் வேகனிலும் பின்னோக்கிய மூன்றாவது இருக்கை உண்டு. ஆனால் அதைக் காப்பாற்றி வைக்கும் அளவுக்கு ஆசை கொண்டவர்கள் இன்னும் மிகச் சிலரே. கியர்பாக்ஸ் போனால் பழுதுபார்க்கும் கூலி வண்டி விலையைத் தாண்டும் என்பதால், பெரும்பாலானவை நேரே உடைப்புக்குப் போகின்றன.