பால் குடித்த பிள்ளையாரும் கேன் தண்ணியும்

1995 செப்டம்பர் 21, வியாழக்கிழமை. அரியமங்கலத்தில் எங்கள் தெருமுனைப் பிள்ளையார் முன்னால் நீண்ட வரிசை. டெல்லியில் விடியற்காலை கிளம்பிய சேதி, போனிலேயே பரவி சாயங்காலத்துக்குள் இங்கே வந்துவிட்டது. அப்பத்தா கையில் டம்ளர், என் கையில் ஸ்பூன். தும்பிக்கையில் வைத்துச் சாய்த்தேன். பால் குறைந்தது. சத்தியமாகக் குறைந்தது.

மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறைக்காரர்கள் பாலில் நிறத்தைக் கலந்து குட்டை உடைத்தார்கள். ததும்பும் பால் தும்பிக்கையைத் தொட்டதும் பரப்பு இழுவிசை அதை இழுத்துக்கொள்கிறது. பிறகு மெல்லிய படலமாகச் சிலைமேல் வழிகிறது. நிறமில்லாவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. அப்பத்தாவிடம் சொன்னேன். "இருந்துட்டுப் போவுது. நீ குடுத்ததை வேணாம்னாரா?" என்றாள்.

அப்படியானால் அன்றைக்கு வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் பைத்தியமா? மனநல மருத்துவம் இல்லை என்கிறது. ஒருவர் சார்ந்த பண்பாட்டில் மற்றவர்களும் இயல்பாக ஏற்கிற நம்பிக்கையை அது 'டெல்யூஷன்' கணக்கில் சேர்ப்பதில்லை. அதாவது ஊரே நம்பினால் நம்பிக்கை, ஒருத்தர் நம்பினால் நோய். எனக்கு இந்த வரையறை இன்னும் உறுத்துகிறது. ரெண்டு பேர் நம்பினால் என்ன பெயர்?

அதற்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். 1877-ல் லாசேக், ஃபால்ரே என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் 'ஃபோலி ஆ து', அதாவது இருவர் பித்து, என்று எழுதினார்கள். அவர்கள் கவனித்தது முக்கியம். ஒருவர் கை ஓங்கியிருக்கும், மற்றவர் அவரைச் சார்ந்திருப்பார். இருவரும் வெளியாட்கள் வாசனையே இல்லாமல் நெடுநாள் ஒன்றாக வாழ்ந்திருப்பார்கள். சொல்லப்படும் கதையும் நடக்கக்கூடியதாகவே இருக்கும். வைத்தியம், பிரித்து வைப்பது.

2018 ஜூலை 1-ல் டெல்லி புராரியில் ஒரே குடும்பத்தில் 11 பேர் இறந்துகிடந்தார்கள். இறந்துபோன அப்பா தன் வழியாகப் பேசுவதாக ஒரு மகன் சொல்ல, வீடே கேட்டு நடந்திருக்கிறது. நோட்டுகளில் 11 வருஷத்துக் கட்டளைகள். அக்கம்பக்கத்தாருக்கோ அது நல்ல குடும்பம், கடை நடத்திக்கொண்டிருந்த குடும்பம்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் பின்தெரு அக்காதான் ஞாபகத்துக்கு வந்தார். கணவர் இறந்த பிறகு அவரும் மகளும் மட்டும். குழாய்த் தண்ணியில் யாரோ மருந்து கலக்கிறார்கள் என்றார் அக்கா. கொஞ்ச நாளில் மகளும், "ஆமாண்ணே, கசக்குது" என்றாள். காலேஜுக்குப் போவதை நிறுத்தினாள். ஜன்னல்கள் மூடின. எதுக்கு வம்பு என்று நானும் தினம் கேன் தண்ணி கொண்டுபோய் வைத்தேன். இப்போது யோசித்தால், மூன்றாவது ஆள் நான்தான்.

கடைசியில் தாய்மாமன் வந்து அக்காவைக் குணசீலம் கூட்டிப்போனார். காவிரிக் கரைப் பெருமாள் கோயில். மனநிலை சரியில்லாதவர்களை 48 நாள் தங்கவைத்து, உச்சிகாலத்திலும் ராத்திரியிலும் முகத்தில் தீர்த்தம் தெளிப்பார்கள். டாக்டர் மாத்திரையும் கூடவே ஓடியது. மகளைச் சித்தி லால்குடிக்குக் கூட்டிப்போனாள். ஒரு மாசத்துக்குள் அவள் அங்கே குழாயடியில் கையேந்திக் குடித்தாளாம். எதைக் கொண்டும் அவளுக்கு வைத்தியம் பார்க்கவில்லை.

அக்கா குணமாகித் திரும்பினார், முக்கால்வாசி. போன வாரம் அந்தப் பெண்ணைப் பால்பண்ணை ஸ்டாப்பில் பார்த்தேன். வேலைக்குப் போகிறாள். தண்ணி எப்படி என்று கேட்டேன்.

"நல்லாத்தாண்ணே இருக்கு. அம்மா முன்னாடி மட்டும் மோந்து பாத்துட்டுக் குடிப்பேன்."