நல்லெண்ணெய் சொன்ன சாட்சி

சென்ற மாதம் நம் குடியிருப்பு வாசலில் ஒருவர், லேபிள் இல்லாத கேனில் ‘மரச்செக்கு நல்லெண்ணெய்’ விற்றார். வாங்கலாமா என்று வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நாள் விவாதம். முகர்ந்து பார்த்தவர்கள் சுத்தம் என்றார்கள். மூக்கு மட்டும் போதுமா? இதற்கு நம் நாட்டில் ஒரு பழைய கதை உண்டு.

1937-இல் டால்டா சந்தைக்கு வந்தது. தாவர எண்ணெயில் ஹைட்ரஜன் சேர்த்து இறுக வைத்த வனஸ்பதி, பார்வைக்கு நெய் போலவே இருந்தது, விலையோ குறைவு. நெய்யில் கலந்தால் கண்ணுக்குத் தெரியாது. மகா தீபத்துக்கு நெய் காணிக்கை தரும் ஊர்க்காரர்களான நமக்கு அந்தக் கவலை புரியும்.

அரசு ஒரு தந்திரம் செய்தது. வனஸ்பதியில் 5 சதவீதம் நல்லெண்ணெய் கட்டாயம் சேர்க்க வேண்டும் என்று விதித்தது. நல்லெண்ணெயுடன் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஃபர்ஃப்யூராலும் சேர்த்துக் குலுக்கினால், அடியில் தங்கும் அமிலம் சிவக்கும். இதுதான் பௌடோயின் சோதனை. நெய்யைச் சோதிக்கும்போது சிவந்தால், வனஸ்பதி கலப்பு அம்பலம்.

ஆனால் இந்தச் சோதனை ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும்: எள்ளெண்ணெய் இருக்கிறதா? வேறு என்ன கலந்திருக்கிறது என்று சொல்லாது. மலிவான எண்ணெய் கலந்த நல்லெண்ணெயும் சிவக்கவே செய்யும். அதனால் ஆய்வகத்தில் அயோடின் எண்ணையும் பார்க்கிறார்கள். நல்லெண்ணெய்க்கு அது 103 முதல் 120 வரை, கடலை எண்ணெய்க்கு 85 முதல் 99 வரை, தேங்காய் எண்ணெய்க்கு 7.5 முதல் 10 வரை இருக்க வேண்டும்.

சோதிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை 1998-இல் டெல்லி கண்டது. கடுகு எண்ணெயில் பிரமதண்டு விதை எண்ணெய் கலந்திருந்தது. நம் பக்கத்துத் தரிசுகளில் மஞ்சள் பூவும் முள் இலையுமாக நிற்கும் அதே செடிதான். கால் வீங்கி, மூச்சு வாங்கி, 60 பேருக்கு மேல் இறந்தார்கள். உணவு எண்ணெயைப் பொட்டலமிட்டுத்தான் விற்க வேண்டும் என்ற மத்திய அரசின் ஆணை அந்த ஆண்டே வந்தது.

இன்று ஆளி விதை, கருஞ்சீரக எண்ணெய் மாத்திரைகளும் நம் வீடுகளுக்கு வருகின்றன. எதை வாங்கினாலும் 14 இலக்க உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி மூன்றையும் பாருங்கள். ஆய்வறிக்கை காட்டினால், அதிலுள்ள தொகுதி எண்ணும் புட்டியில் உள்ளதும் ஒன்றுதானா என்று ஒப்பிடுங்கள். சந்தேகம் வந்தால் உணவுப் பாதுகாப்புத் துறைக்கு எழுதலாம். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம். ஆட்சியர் அலுவலகம் நம் வேங்கிக்காலில்தானே இருக்கிறது.