திரை கண்ட தாய்

தென்காசி வட்டாரத்துச் சிற்றூர்களுக்குத் திரைப்படத்தைக் கொண்டு சேர்த்தவை டூரிங் டாக்கீஸ் கொட்டகைகளாகும். குற்றாலத்துச் சாரல் காற்று வீசும் இரவுகளில், மணல் தரையில் அமர்ந்து, மகனுக்காகத் தன்னைத் தேய்த்துக்கொள்ளும் தாயைத் திரையில் கண்டு முந்தானையால் கண் துடைத்த பெண்கள் எண்ணற்றோர்.

அத்தகைய படங்களுக்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. ஒரு குடிசையும், கண்ணீரை வரவழைக்கவல்ல ஒரு நடிகையும் இருந்தால் போதும். சிக்கனமாகவும் விரைவாகவும் படம் முடிப்பதில் பெயர் பெற்ற சாண்டோ சின்னப்பா தேவர், தமது தேவர் பிலிம்ஸ் சார்பில் 'தாய்க்குப்பின் தாரம்' (1956), 'தாய் சொல்லைத் தட்டாதே' (1961), 'தாயைக் காத்த தனயன்' (1962) எனத் தாயின் பெயரிலேயே படங்களை எடுத்தார். இது நமக்கு மட்டும் உரிய வழக்கமன்று. உலகப் போருக்குப் பின் ஜப்பானிலும் டாயே நிறுவனம் மிமாசு ஐக்கோ என்னும் நடிகையைத் தியாகத் தாயாக்கி வரிசையாகப் படங்கள் எடுத்தது. இந்தியில் மெஹ்பூப் கான் 1940இல் எடுத்த 'ஔரத்'தையே 1957இல் 'மதர் இந்தியா'வாக மீண்டும் எடுத்தார்.

தாய்மைக்கு இத்துணைச் சிறப்புச் செய்த திரையுலகம், தாயாக நடித்தவர்க்குச் செய்தது என்ன? 1942இல் கண்ணகியாக வந்த கண்ணாம்பா, 1954இல் 'மனோகரா'வில் சிவாஜியின் தாயானார். தேவர் படங்களில் எம்.ஜி.ஆருக்குத் தாயாக நடித்த அவர், எம்.ஜி.ஆரைவிட ஏறத்தாழ ஐந்து வயதே மூத்தவர். 'பராசக்தி'யில் (1952) சிவாஜியின் காதலியாக வந்த பண்டரிபாய், 'தெய்வ மக'னில் (1969) அவருக்கே தாயானார். பதினேழு ஆண்டுகளில் நாயகன் நாயகனாகவே இருக்க, நாயகிக்கு மட்டும் தலை நரைத்துவிட்டது! தாய் என்றால் தனக்கென ஒன்றும் வேண்டாதவள் என்பதே இப்படங்களின் இலக்கணமாயிற்று.

ஆனால் அப்படங்களைக் கண்டு அழுத நம் பகுதிப் பெண்களுள் பலர், மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி பெற்ற அவர்களுக்கு வேண்டியிருந்தது போற்றுதல் மட்டுமன்று. நியாயமான கூலியும் ஓய்வுமாம். வீட்டிலிருந்து பீடி சுற்றுவோரும் தொழிலாளரே என்று 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் ஏற்றது. திரை அவளைத் தெய்வமாக்கியது. சட்டம் அவளை உரிமையுள்ள உழைப்பாளியாகக் கண்டது. தாயின் தியாகத்தைப் பாடுவது எளிது. அவள் தேய்ந்துபோகாமல் காப்பதே பிள்ளைகளின் கடமையன்றோ!