மூன்றாவது முனை: கிட்டார்ப் பெட்டியின் சிவப்பு விளக்கு பிந்தி வந்த கதை

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் இருக்கும்போது வாசியுங்கள்.

கிட்டார்காரர் காலால் மிதிக்கிற சின்ன இரும்புப் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளவத்தைக் கல்யாண மண்டபமோ கொட்டாஞ்சேனைத் திருவிழா மேடையோ, பைலா இசைக்குழு ஏறினால் அதுவும் ஏறும். மிதித்தால் சத்தம் கரகரக்கும். திரும்ப மிதித்தால் பழைய சத்தம் வரும். பெட்டி வேலை செய்யும்போது ஒரு சிவப்பு விளக்கு எரியும்.

(வாத்தியார்மாருக்கு கிட்டாரில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு: கூடுமா கூடாதா என்பதை உலமாக்களிடம் விட்டுவிடுகிறோம். முஹிதீன் பேக் பாடியதை வெசாக் காலத்தில் நாடே கேட்கிறது, அது வேறு கதை. இங்கே பேச்சு சுவிட்சைப் பற்றி. பாடப்புத்தகத்தில் அதற்கு ஆளி என்று பெயர்.)

எங்கள் பிள்ளைகள் மூன்று பேர் செயற்றிட்டத்துக்கு இப்படி ஒரு பெட்டி செய்ய வெளிக்கிட்டார்கள். கரகரப்புச் சுற்று ஒரே நாளில் வேலை செய்தது. விளக்கில்தான் மாட்டிக்கொண்டார்கள். புறக்கோட்டையில் கடை கடையாக ஏறியும் ஆறு கால் உள்ள மிதியாளிதான் கிடைத்தது, ஒன்பது கால் உள்ளது இல்லை. அந்த மூன்று காலுக்குள் பெரிய சரித்திரம் இருக்கிறது.

அமெரிக்காவில் மார்ட்டி ராபின்ஸ் பாடி 1961இல் வெளிவந்த ஒரு பாட்டில், ஒலிப்பதிவுக் கருவி பழுதானதால் பேஸ் கிட்டார் கரகரத்தது. ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னொடி அந்தப் பழுதை எறியவில்லை. அதே சத்தத்தைத் தரும் சுற்று ஒன்றைத் திரான்சிற்றரால் ஆக்கினார். கிப்சன் கம்பனி 1962இல் அதை ‘மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்’ என்று விற்றது. இரண்டு 1.5 வோல்ட் பெட்டரியில் ஓடியது. விளக்கு இல்லை. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் அதைப் பாவித்து ‘சாடிஸ்ஃபாக்‌ஷன்’ வெளியிட்ட பிறகுதான் பெட்டி உலகத்துக்குத் தெரிந்தது.

அதே 1962இல்தான் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் நிக் ஹொலொன்யாக் சிவப்பு எல்.ஈ.டி.யைச் செய்து காட்டினார். நம் பாடப்புத்தகத்தின் ஒளிகாலும் இருவாயி அதுதான். ஒரே வருடத்தில் பிறந்த இரண்டும் ஒரு பெட்டிக்குள் சேர ஏன் இவ்வளவு காலம்? விலை ஒரு காரணம். 1968இல் மொன்சான்டோ பெருமளவில் செய்யத் தொடங்கிய பிறகே எல்.ஈ.டி. சந்தைக்குப் பரவியது. பெட்டரி இன்னொரு காரணம். கரகரப்புச் சுற்று குடிப்பது ஒரு மில்லியம்பியர் அளவு. அந்தக் கால எல்.ஈ.டி. நன்றாக எரிய 10, 20 வேண்டும். சோற்றை விட ஊறுகாய்க்குச் செலவு கூடினால் யார் வைப்பார்கள்!

ஆனால் எங்கள் பார்வையில் பெரிய தடை ஆளிதான். ஆறு கால் ஆளி என்பது இருமுனை இருவழி ஆளி. ஒரு முனை கிட்டாரில் இருந்து வரும் கம்பியைச் சுற்றுக்குள் அனுப்பும், அல்லது விலக்கி விடும். மற்ற முனை வெளியே போகும் கம்பிக்கு அதையே செய்யும். இரண்டும் முடிந்தது, விளக்குக்கு முனை மிச்சமில்லை. விளக்கு கட்டாயம் வேண்டுமென்றால் உள்வரும் கம்பியைச் சுற்றோடு நிரந்தரமாகக் கட்டிவிட்டு, அந்த முனையை விளக்குக்குக் கொடுக்கலாம். அப்போது பெட்டியை அணைத்தாலும் சுற்று கிட்டாரின் சக்தியை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், சத்தத்தின் கூர்மை மழுங்கும். பழைய வா-வா பெட்டிகளில் விளக்கே இல்லாமல் இந்த மழுங்கல் இருந்தது.

1977இல் ஜப்பானின் பொஸ் கம்பனி வேறு வழி எடுத்தது. கால் மிதிப்பது ஒரு சின்னப் பொத்தானை மட்டும். சத்தத்தைத் திருப்புவது உள்ளே உள்ள திரான்சிற்றர். விளக்கும் வந்தது, பக்கத்தில் ‘செக்’ என்று எழுத்து. பெட்டரி இறங்கினால் ஒளி மங்கும். ஒரு குறை: பெட்டரி செத்தால் மேடையில் கிட்டாரே ஊமை. ஆறு கால் ஆளியில் பெட்டரி செத்தாலும் வெறும் சத்தமாவது வெளியே போகும்.

1977 நமக்கும் முக்கியமான வருடம். இறக்குமதிக் கட்டுப்பாட்டில் இருந்த நாடு அந்த வருடம்தான் கதவைத் திறந்தது. அதற்கு முன்பே கிளாரன்ஸ் விஜேவர்தனவின் மூன்ஸ்டோன்ஸ் சிங்களப் பாட்டில் மின் கிட்டாரைக் குடியேற்றிவிட்டது. தமிழில் நித்தி கனகரத்தினம் ‘சின்ன மாமியே’ பாடிவிட்டார். கடையில் சாமான் இல்லாத அந்தக் காலத்தில் உடைந்த வானொலிதான் உதிரிப்பாகக் கடை. கொழும்புக்கு இது புதிதல்ல. 1920களில் எட்வர்ட் ஹார்ப்பர் மத்திய தந்தி அலுவலகத்தில் இருந்து செய்த முதல் ஒலிபரப்புக் கருவி, பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் வானொலிப் பாகங்களால் ஆனது. 1925 டிசம்பர் 16இல் நம் வானொலி பிறந்தது அந்தக் கைவேலையில் இருந்துதான்.

ஒன்பது கால் மிதியாளி கைவேலைக்காரருக்குத் தாராளமாகக் கிடைத்தது 1990களின் பிற்பகுதிக்குப் பிறகு. அதில் மூன்றாவது முனை முழுக்க விளக்குக்கு. அது இல்லாதவர்களுக்காக ஆர்.ஜி. கீன் என்பவர் ஆறு கால் ஆளியோடு ஒரு திரான்சிற்றரைச் சேர்த்து விளக்கேற்றும் சுற்றை வெளியிட்டார். ‘மிலேனியம் பைபாஸ்’ என்று பெயர்.

எங்கள் பிள்ளைகள் எடுத்ததும் அதைத்தான். “விளக்கை விட்டுவிடுவோமே சேர்” என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் பாடகர் குழுவில் வாசிக்கிறவர், அவர் விடவில்லை. அமைதியான பாட்டுக்கு நடுவில் பெட்டி திறந்திருப்பது தெரியாமல் கம்பியைத் தட்டினால் என்ன நடக்கும் என்று அவருக்குத்தான் தெரியும்.

செய்ய நினைப்பவர்களுக்கு: 9 வோல்ட் பெட்டரியில் சிவப்பு விளக்கு ஏறக்குறைய 2 எடுக்கும். மிச்சம் 7 வோல்ட்டுக்கு 4.7 கிலோ ஓம் தடையி போட்டால் 1.5 மில்லியம்பியர்தான் ஓடும். இப்போதைய எல்.ஈ.டி.க்கு அது தாராளம். நீளமான கால் நேர்ப் பக்கம். தடையி இல்லாமல் மட்டும் பெட்டரியில் பிடித்துப் பார்க்காதீர்கள், ஒரு தடவைதான் எரியும்.