கூடாரத்தில் பிறந்த கச்சேரி

மூன்றாவது மைசூர் யுத்தம் முடிந்து, 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கை ஏற்பட்டபோது, திப்பு சுல்தான் தம் ராஜ்யத்தில் ஏறக்குறையப் பாதியை விட்டுக்கொடுத்ததோடு, மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாயை நஷ்டஈடாகத் தரவும், அத்தொகை தீரும்வரை தம் புதல்வர் இருவரைப் பிணையாக அனுப்பவும் நேர்ந்தது என்பதை நம் பாடப்புத்தகங்கள் சொல்லுகின்றன. ஆனால் அந்த உடன்படிக்கையில் கிழக்கிந்தியக் கும்பினியாரின் கைக்கு வந்த நாடுகளுள் ஒன்றான பாராமகாலில், அதாவது பிரிக்கப்படாத பழைய சேலம் ஜில்லாவின் வடபகுதியில், அடுத்த ஏழு வருஷங்களில் நடந்த காரியங்களை அவை ஒரு வரியோடு நிறுத்திவிடுகின்றன. நம்மை இன்றும் ஆளுகின்ற ஜில்லா நிர்வாகத்தின் கருவறையே அந்த நாடுதான் என்று நான் கருதுவதால், இந்த வாரம் அங்கே சற்று நிதானித்து நிற்க விரும்புகிறேன்.

புதிதாகக் கிடைத்த நாட்டை நிர்வகிக்கக் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் பிரபு சென்னையின் சிவில் உத்தியோகஸ்தர்களை அனுப்பவில்லை. ஜனங்களின் பாஷை தெரியாமல் துபாஷிகளின் வாயையே நம்பியிருந்த அவர்களிடம் அவருக்கு நம்பிக்கை இருக்கவில்லை. அவர் தேர்ந்தெடுத்தவர், யுத்தகாலத்தில் எதிரியின் நடமாட்டத்தை உளவறிந்து சொல்லும் பொறுப்பை வகித்த காப்டன் அலெக்ஸாண்டர் ரீட் என்னும் படைத்தலைவர். அவருக்கு உதவியாக அமர்ந்த மன்றோ, கிரஹாம், மக்லியாட் ஆகிய மூவரும் பட்டாளத்து அதிகாரிகளே. இவர்களுள் மன்றோ 1780-இல் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கிய அதே வருஷத்தில்தான் ஹைதர் அலியின் சேனை ஆர்க்காட்டு நவாபின் கர்நாடக நாட்டின்மீது பாய்ந்தது. புள்ளலூரில் கும்பினிப் படை அழிந்ததையும், ஊர்கள் எரிந்ததையும், பின்னர் பஞ்சம் சென்னையின் வீதிகளுக்கே வந்துவிட்டதையும் கண்ட தலைமுறையைச் சேர்ந்தவர் அவர்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். ரீட் துரை காலடி வைத்த நாடு வெறும் தரிசாக இருக்கவில்லை. ஹைதரும் திப்புவும் பெரிய நிலைப்படையையும் பீரங்கிகளையும் ரொக்கச் சம்பளம் கொடுத்து நிலைநிறுத்த முயன்றவர்கள். அப்படிப்பட்ட சேனையை வைத்துக்கொள்ளும் அரசனுக்கு, வரியில் பாதியை வழியிலேயே நிறுத்திக்கொள்ளும் பாளையக்காரர்களும் இடைத்தரகர்களும் சகிக்கக்கூடாதவர்களாகிவிடுகிறார்கள். ஆகையால் மைசூர் அரசு அவர்களை ஒடுக்கி, சம்பளம் வாங்கும் அமில்தார்களைக் கொண்டு குடிகளிடமிருந்து நேராகவே வரி வசூலிக்கத் தலைப்பட்டது. யுத்தம் மைசூரில் உண்டாக்கிய இந்த ஏற்பாட்டை யுத்தத்தில் ஜயித்தவர்கள் சுவீகரித்துக்கொண்டார்கள் என்பதே உண்மை. குடிகளிடம் நேராக வரி வாங்கும் இந்த ரயத்துவாரி முறையை மன்றோவின் மேதையில் உதித்த தனிப்பெரும் படைப்பாகப் போற்றுவோர், இந்தப் பரம்பரையை மறந்துவிடுவது நியாயமன்று.

ஆயினும் ரீட் குழுவினர் செய்த வேலையின் அளவை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. வருஷத்தின் பெரும்பகுதியைக் கூடாரங்களில் கழித்து, கிராமம் கிராமமாகச் சென்று, நிலங்களை வயல்வாரியாக அளந்து, நஞ்சை எவ்வளவு, புஞ்சை எவ்வளவு, தோட்டம் எவ்வளவு, எந்த வயலை உழுகிறவன் யார், அவன் செலுத்தவேண்டிய கிஸ்தி என்ன என்று பதிவு செய்தார்கள். அதுகாறும் கர்ணத்தின் சுவடியிலும் ஊர்ப் பெரியவர்களின் ஞாபகத்திலும் மட்டுமே இருந்த விவரங்கள் சர்க்காரின் கணக்குக்கு வந்து சேர்ந்தன. இன்றும் ஜமாபந்தி நாளில் மரத்தடியில் மேஜை போட்டு அமர்ந்திருக்கும் அதிகாரியின் முன், பட்டாவைப் பிடித்துக்கொண்டு ஒரு குடியானவன் நிற்கிற காட்சிக்கு மூலம் அந்தக் கூடாரங்களில்தான் இருக்கிறது. தன் பெயரால் ஒரு நிலம் சர்க்கார் ஏட்டில் எழுதப்பட்டிருக்கிறது என்ற உணர்வு அவனுக்கு ஒரு பலம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் அந்த அளவு எதற்காக எடுக்கப்பட்டது? சென்னை ராஜதானியின் செலவில் பெரும்பங்கு சேனைக்கே போய்க்கொண்டிருந்தது. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. அதே வருஷம் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டான். 1801-இல் மருது சகோதரர்களும் அதே கதிக்கு ஆளானார்கள். அவ்வருஷமே ஆர்க்காட்டு நவாபின் நாடும் கும்பினியின் நேர் ஆட்சிக்கு வந்தது. பாளையக்காரர்களின் கோட்டைகள் இடிக்கப்பட்டு, ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. எதிர்ப்பவர் இல்லாத அந்த நாட்டில், சிப்பாய்களுக்கு மாதம் தவறாமல் சம்பளம் கிடைக்க வேண்டுமானால், கிஸ்தியும் தவணை தவறாமல் வந்துதீர வேண்டும். ஆகவே விளைச்சலில் பாதியை நெருங்கும் தீர்வைகள் விதிக்கப்பட்டன. அவை தாங்கமுடியாதவை என்பதை மன்றோவே பின்னால் உணர்ந்து, குறைக்கும்படி 1807-இல் சிபார்சு செய்தார்.

இடையில் வங்காளத்து ஜமீன்தாரி மாதிரியைப் பின்பற்றி, பாராமகாலையே மிட்டாக்கள் என்னும் ஜமீன்களாகப் பிரித்து ஏலம் விட்டுப் பார்த்தார்கள். மிட்டாதார்களில் பலர் கிஸ்தி கட்டமுடியாமல் முறிந்துபோனார்கள். அந்தக் கதை நீளமானது, இங்கு வேண்டாம்.

ஜில்லா நிர்வாகத்தின் கதையில் முக்கியமானவை 1816-ஆம் வருஷத்துச் சட்டங்கள். தனி நீதிபதிகளிடம் இருந்த போலீஸ் மேற்பார்வையையும் மாஜிஸ்டிரேட் அதிகாரத்தையும் மீட்டு, வரி வசூலிக்கும் கலெக்டரின் கையிலேயே சேர்த்தவர் மன்றோ. ஜனங்களுக்குத் தகப்பன்போல் ஒரே அதிகாரி இருக்க வேண்டும் என்று அவர் மனப்பூர்வமாக நம்பினார். பாசறையில் பழகியவருக்கு ஆணையும் தண்டனையும் ஒரே குரலில் வருவது இயல்பாகத் தோன்றியிருக்கலாம். 1820 முதல் கவர்னராக இருந்து, 1827-இல் பத்திகொண்டாவில் வாந்திபேதியால் மாண்ட அந்த உத்தமரின் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவர் அமைத்த ஏற்பாட்டின் அடிமட்டத்தில் தாசில்தாரும் அவருடைய சேவகர்களும் இருந்தார்கள். வரி கேட்கிறவர்களும் அவர்களே, பிடித்துக் கட்டுகிறவர்களும் அவர்களே.

விளைவு என்னவாயிற்று? குடியானவனின் கழுத்தையும் கால் விரல்களையும் ஒரே கயிற்றால் பிணைத்து, குனிந்தபடியே வெயிலில் நிறுத்தும் அண்ணாந்தாள் என்னும் தண்டனையும், விரல்களை மரக்கட்டைகளின் இடையே வைத்து நெருக்கும் கிட்டியும், கிஸ்தி வசூலின் சாதாரண சாதனங்களாயின. சென்னையில் கஜூலு லக்ஷ்மீநரசு செட்டியார் இதைப் பொறுக்கவில்லை. 1852-இல் அவர் முன்னின்று தொடங்கிய சென்னை சுதேசி சங்கம் பார்லிமெண்டுக்கு மனுச் செய்தது. டான்பி ஸீமோர் என்ற பார்லிமெண்டு அங்கத்தினரை நாட்டுக்குள் அழைத்துச் சென்று, ஜனங்களின் அவஸ்தையைக் கண்ணாரக் காணச் செய்தார் செட்டியார். விசாரணைக் கமிஷன் நியமிக்கப்பட்டது. 1855-இல் வெளியான அதன் அறிக்கை, வரிக்காகச் சித்திரவதை நடப்பது மெய்யே என்று ஒப்புக்கொண்டது. வசூலில் இத்தனை கண்டிப்புக் காட்டிய சர்க்கார், ஏரிகளையும் கால்வாய்களையும் பழுதுபார்ப்பதில் எத்தனை அசட்டையாக இருந்தது என்பதை, அதற்கு மூன்று வருஷம் முன்பே பொது மராமத்துக் கமிஷன் எடுத்துக்காட்டியிருந்தது.

1859-ஆம் வருஷத்துச் சென்னைப் போலீஸ் சட்டம் தாசில்தாரிடமிருந்து போலீஸைப் பிரித்துத் தனி இலாகாவாக்கியது. மாஜிஸ்டிரேட் அதிகாரம் மட்டும் கலெக்டரோடேயே தங்கிவிட்டது. காங்கிரஸ் மகாசபை ஆரம்பகாலம் முதலே இதைக் கண்டித்துத் தீர்மானங்கள் நிறைவேற்றி வந்தபோதிலும், நீதியை நிர்வாகத்தினின்று பிரிக்கும் வேலை நாடு சுதந்திரம் அடைந்த பிறகே கைகூடிற்று.