குருதி பார்த்த நகரம்

ஸ்பெயின் நாட்டின் நடுப்பகுதியில், மாட்ரிட் நகருக்குத் தெற்கே, ஒரு கற்குன்று. அதன் மூன்று புறமும் ஆறு வளைந்து ஓடுகிறது. ஸ்பானியர் அதைத் தாஹோ என்பர். அதே ஆறு எல்லை தாண்டியதும் போர்த்துகீசியர் தேஜு என்பர். அந்தக் குன்றின்மீது அமைந்த நகரமே தொலேடோ. விசிகோத்தியர் அதைத் தலைநகராக்கினர். 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அராபியர் பிடித்தனர். 1085இல் கிறித்துவ மன்னன் ஆறாம் அல்போன்சோ கைப்பற்றினான். ஆண்டவர் மாறினர், ஆயினும் நெடுங்காலம் மூன்று சமயத்தாரும் ஒரே மதிலுக்குள் வாழ்ந்தனர். 999இல் கட்டப்பட்ட சிறு பள்ளிவாசல் இன்றும் அங்கே நிற்கிறது. 14ஆம் நூற்றாண்டில் யூதர் எழுப்பிய தொழுகைக்கூடத்தின் சுவர்களில் எபிரேய எழுத்தும் உண்டு, அரபு எழுத்தும் உண்டு.

தொலேடோவின் புகழ் கல்லால் வந்ததன்று, சொல்லால் வந்தது. 12ஆம் நூற்றாண்டில் அறிவு வேட்கை கொண்டோர் ஐரோப்பாவின் பல மூலைகளிலிருந்தும் அந்தக் குன்றேறினர். கிரேமோனா ஊரினரான ஜெரார்டு என்னும் இத்தாலியர், தாலமியின் வானநூலைத் தேடி வந்தார், அரபு கற்றார், 1187இல் இறக்கும்வரை எழுபதுக்கும் மேற்பட்ட நூல்களை இலத்தீனில் பெயர்த்தார். அரபு அறிந்த யூத அறிஞர் வாய்மொழியாகப் பொருள் சொல்ல, கிறித்துவத் துறவி அதை இலத்தீனில் எழுதிய காட்சியும் அங்கே நடந்தது. மருத்துவமும் இயற்கணிதமும் அரிஸ்டாட்டிலும் அந்த வழியாக ஐரோப்பாவுக்குள் நுழைந்தன. இந்திய மண்ணில் பிறந்த எண்முறை அராபியர் கைமாறி மேற்கே சென்ற வாயில்களுள் தொலேடோவும் ஒன்று.

இதைப் பொற்காலம் என்று பூச்சூட்டி வணங்க வேண்டியதில்லை. இசுலாமியர் ஆண்டபோது மற்றவர் தனிவரி கட்டினர். கிறித்துவர் ஆண்டபோது மற்றவர் தாழ்ந்தே நின்றனர். அன்பு மட்டுமே அவர்களைச் சேர்த்து வைக்கவில்லை. ஒருவர் அறிவு மற்றவருக்குத் தேவைப்பட்டது. தேவை சேர்த்தது, சேர்க்கை வளர்த்தது. வரலாறு தரும் பாடம் அவ்வளவே, அதுவே பெரிது.

எங்கோ இருக்கும் குன்று நமக்கெதற்கு என்று கேட்கலாம். நம் எல்லைப்புறத்தைப் பாருங்கள்! நந்தி மலையில் பிறக்கும் ஆற்றைக் கன்னடர் தட்சிண பினாகினி என்பர். நாம் தென்பெண்ணை என்போம். கெலவரப்பள்ளி அணையில் தேங்கி, கிருஷ்ணகிரியை நோக்கிச் செல்லும் அதே நீர்தான். தாஹோவுக்கு இரு பெயர். பெண்ணைக்கும் இரு பெயர். தண்ணீருக்குத் தாய்மொழி இல்லை.

காலத்தால் ஓர் ஒற்றுமையையும் காண்க. 1252 முதல் 1284 வரை ஆண்ட பத்தாம் அல்போன்சோ, அரபு நூல்களைத் தன் மக்கள் பேசிய காஸ்தீலிய மொழியில் பெயர்க்கச் செய்தான். அதே காலத்தில், ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடைப்பட்ட மலைப்பகுதியில், குந்தாணி என்னும் ஊரைத் தலைநகராகக் கொண்டு ஆண்டவன் போசள மன்னன் இராமநாதன். அவன் மரபு கன்னட மரபு; அவன் கல்வெட்டுகளோ ஏராளமாகத் தமிழில் உள்ளன. குடிகள் படிக்கும் மொழியில் கொற்றவன் ஆணை பொறித்தான். தமிழைப் பொறித்ததால் அவன் கன்னடம் தேய்ந்துவிடவில்லை. கன்னட மன்னன் ஆண்டதால் இங்கே தமிழ் அழிந்துவிடவும் இல்லை.

கிருஷ்ணகிரி மலையின் கதையும் ஒரு கொடியின் கதையன்று. விசயநகரத்தார் கோட்டை அமைத்தனர். பின்னர் ஜகதேவராயர் குடும்பமும், பீசப்பூர்ப் படையும், மராட்டியரும், கடப்பை நவாபும், மைசூராரும் இந்தப் பாராமகால் நிலத்தில் மாறி மாறி அதிகாரம் செலுத்தினர். 1768இல் ஆங்கிலேயர் நீண்ட முற்றுகைக்குப் பின்னரே இந்தக் கோட்டையைப் பெற்றனர், அதுவும் நிலைக்கவில்லை. 1791 நவம்பரில் மேக்சுவெல் என்னும் கர்னலின் படை அடிவாரப் பேட்டையைப் பிடித்தது, உச்சியைப் பிடிக்க ஏறியபோது திப்புவின் வீரர்கள் பாறைகளை உருட்டிவிட்டனர், ஏறியவர் இறங்கினர். மறு ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையில், வாளால் பெற முடியாத மலையை வெள்ளையன் தாளால் பெற்றான். அலெக்சாண்டர் ரீடும் அவர் உதவியாளர் தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து, உழவனிடம் நேரடியாகத் தீர்வை பெறும் முறையை வகுத்ததும் இந்தப் பாராமகாலில்தான். இன்று அந்த மலைக்கு மக்கள் வழங்கும் பெயர் சையத் பாஷா மலை. உச்சியில் தர்கா இருக்கிறது. விசயநகரம் எழுப்பிய கோட்டை, கண்ணன் பெயர் கொண்ட ஊர், இசுலாமியப் பெரியவர் பெயர் கொண்ட மலை! பெயர்களே பண்பாட்டின் கல்வெட்டாக நிற்கின்றன.

பள்ளி ஆசிரியன் என்ற முறையில் நான் நாள்தோறும் காணும் சான்று ஒன்றையும் வைக்கிறேன். எங்கள் பக்கத்து வகுப்பறைகளில் வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளை உண்டு. கன்னடமும் உருதும் பேசும் பிள்ளைகள் உண்டு. பால் என்று தமிழ்ப்பிள்ளை சொல்ல, பாலு என்கிறது தெலுங்குப்பிள்ளை. ஹாலு என்கிறது கன்னடப்பிள்ளை. நம் புலி அங்கே ஹுலி. நம் பத்து அங்கே ஹத்து. கெலவரப்பள்ளியின் ஈற்றில் நிற்கும் பள்ளி, எல்லைக்கு அப்பால் ஹள்ளியாகிறது. ஓசூர் என்பதே கன்னடக் காதுக்குப் புத்தூர். 1816இல் எல்லிசும் 1856இல் கால்டுவெல்லும் நிறுவிய மொழிக்குடும்ப உண்மையை, பத்து வயதுப் பிள்ளைகள் ஒரே பலகையில் அமர்ந்து மெய்ப்பிக்கிறார்கள். 1956 நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. அது ஆட்சிக்கு வேண்டிய கோடு. அந்தக் கோட்டை நெஞ்சில் கிழிக்க எவருக்கும் உரிமையில்லை.

இனி, தொலேடோ வீழ்ந்த கதைக்கு வருவோம். பகைவன் மதிலை இடித்ததால் அது வீழவில்லை. 1391இல் யூதர் மீது கொலைவெறித் தாக்குதல் நடந்தது. உயிருக்கு அஞ்சிப் பலர் கிறித்துவராயினர். ‘எங்கள் மதத்துக்கு வா, சமமாவாய்’ என்றவர்கள், வந்தபின் என்ன செய்தனர்? 1449இல் வரிக்கு எதிராக எழுந்த கலகத்தின் நடுவே, தொலேடோவில் ஒரு சட்டம் பிறந்தது: யூத மரபினர், மதம் மாறியவரானாலும், பொதுப் பதவி வகிக்கத் தகுதியற்றவர்! நம்பிக்கை மாறியது சரி, குருதி மாறியதா என்று கேட்டது அந்தச் சட்டம். போப்பாண்டவரே அந்த ஆண்டில் அதைக் கண்டித்தார். கண்டனம் காற்றில் போயிற்று. 1547இல் தொலேடோவின் பேராலயமே குருதித் தூய்மை விதியை ஏற்றது. அந்த நஞ்சு ஸ்பெயின் எங்கும் பரவியது. 1492இல் யூதர் விரட்டப்பட்டனர். 1609 முதல் இசுலாமிய மரபினரும் விரட்டப்பட்டனர். நூல் பெயர்த்த நகரம், மனிதரைப் பெயர்த்தெறிந்த நாட்டின் நகரமாயிற்று. 1561இல் அரசவையும் மாட்ரிட்டுக்குப் போய்விட்டது. 1986இல் உலகப் பாரம்பரியச் சின்னமென்று யுனெஸ்கோ அறிவித்தது. இன்று யூதத் தொழுகைக்கூடங்கள் இருக்கின்றன, கட்டியவரின் மக்கள் அங்கே இல்லை!

தோழர்களே, குருதி பார்க்கும் அந்தச் சட்டம் உங்களுக்குப் புதிதாகத் தோன்றுகிறதா? ஸ்பானியன் 15ஆம் நூற்றாண்டில் கண்டுபிடித்ததை நம் வருணாசிரமம் அதற்குப் பல நூற்றாண்டு முன்பே எழுதி வைத்துவிட்டது. நம் எல்லைப்புறத்தில் மொழிகள் கலந்தன, சமயங்கள் அருகருகே நின்றன, கொடிகள் மாறின. மாறாத கோடு ஒன்று உண்டு: ஊருக்கும் சேரிக்கும் இடையிலான கோடு. தமிழ் பேசும் ஊரிலும் அது உண்டு, தெலுங்கு பேசும் ஊரிலும் உண்டு, கன்னடம் பேசும் ஊரிலும் உண்டு. சிலுவையை ஏற்றவனையும் ஊரார் விடவில்லை. சாதி அவனைக் கல்லறைவரை தொடர்கிறது. பன்மொழி, பல்சமயம் என்று பெருமை பேசும்போது இந்தக் கோட்டை மறைத்துப் பேசினால், அந்தப் பெருமை பாதிப் பொய்.

இன்று ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் உழைப்பாளிகள் வருகிறார்கள். இந்தித் திணிப்பை எதிர்ப்பது நம் உரிமை. இந்தி பேசும் ஏழைத் தொழிலாளியை ஏளனம் செய்வது நம் இழிவு. ஆதிக்கம் செய்யும் மொழி வேறு, அதைப் பேசி வயிறு வளர்க்கும் மனிதன் வேறு. அவன் பிள்ளை நம் பள்ளிக்கு வந்தால், ‘நீ யார் மகன்’ என்று கேட்காமல், ‘என்ன படிக்கிறாய்’ என்று கேட்போம். அந்தப் பிள்ளைக்குத் தமிழ் கற்பிப்போம். அதன் மொழியில் நான்கு சொல் நாமும் கற்போம்.

ஒரு நகரம் இன்னொரு மொழியைக் கேட்டதால் அழிந்ததாக வரலாறு காட்டவில்லை. மனிதனின் பிறப்பைக் கேட்டதால் பாழான நகரத்தைக் காட்டுகிறது. நம் குன்றுகளின் அடியில் அந்தக் கேள்வி எழும் இடங்களிலெல்லாம் அதை எதிர்த்து நிற்பதே, வரலாறு படித்த இளைஞன் செய்ய வேண்டிய முதல் வேலை.