ஒற்றைக் குமிழும் அப்பாவின் காதும்

எங்கள் வீட்டு வால்வு ரேடியோவில் மூன்று குமிழ்கள். ஒன்று சத்தத்துக்கு, ஒன்று ஸ்டேஷன் பிடிக்க. மூன்றாவதன் மேல் 'தொனாலிதே' என்று பிரெஞ்சில் எழுதியிருக்கும். புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்தவன் என்பதால் அந்தச் சொல் எனக்குப் புரிந்தது. குமிழின் வேலை புரியப் பல வருடம் ஆயிற்று.

உள்ளே இருந்தவை இரண்டே சாமான்கள்: ஒரு கண்டென்சர், அதோடு வரிசையாக ஒரு வால்யூம் கண்ட்ரோல் போன்ற மாறும் ரெசிஸ்டர். கண்டென்சர் கீச்சொலியை எளிதில் விடும், கனத்த ஒலியைத் தடுக்கும். அதன் மறுமுனை எர்த்தில் சேர்வதால் கீச்சொலி அவ்வழியே வடிந்துவிடும். குமிழைத் திருப்பி ரெசிஸ்டரைக் குறைத்தால் இன்னும் அதிகம் வடியும். வாய்க்கால் மடை மாதிரி. கணக்கும் எளிது: 10 கிலோ ஓம் ரெசிஸ்டருக்குப் பின் 0.01 மைக்ரோஃபாரட் கண்டென்சரை எர்த்துக்கு இணைத்தால், ஏறத்தாழ 1,600 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலி தேயத் தொடங்கும். ராத்திரி மீடியம் வேவ் இரைச்சலையும் பழைய இசைத்தட்டின் கீறலையும் அடக்க அது போதும்.

ஆனால் மடைக்குத் தண்ணீரை வெளியே விடத்தான் தெரியும், கூட்டத் தெரியாது.

அப்பாவுக்கு வயதானபின் அந்தக் குமிழைக் கீச்சுப் பக்கம் கடைசிவரை திருப்பி, அதற்கு மேலும் முறுக்குவார். "இரைச்சல் தாங்கலப்பா" என்று நான் திருப்பி வைப்பேன். "பேச்சு தெளிவாயில்லடா" என்பார். பிடிவாதம் என்று நினைத்தேன்.

1952 அக்டோபரில் இங்கிலாந்தின் 'வயர்லெஸ் வேர்ல்டு' பத்திரிகையில் பீட்டர் பாக்சண்டால் ஒரு சர்க்யூட்டை வெளியிட்டார். ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும் எதிர்மறைப் பின்னூட்டத்தால் கனத்த ஒலி, கீச்சொலி இரண்டையும் கூட்டவும் குறைக்கவும் முடிந்தது. ஆனால் குமிழ் இரண்டு வேண்டும். 1970-இல் அதே பத்திரிகையில் ஆம்ப்ளர் என்பவர் ஒற்றைக் குமிழிலேயே அதைச் செய்து காட்டினார். தராசு போல, நடு ஒலி நகராமல் ஒரு பக்கம் ஏற, மறுபக்கம் இறங்கும்.

எனக்கும் எழுபது தாண்டிவிட்டது. வயதான காது முதலில் இழப்பது கீச்சொலியைத்தான். 'ச', 'ஸ' போன்ற எழுத்துகள் மங்கி, பேச்சு முணுமுணுப்பாகிறது. அப்பா கேட்டது அந்தக் குமிழிடம் இல்லாத ஒன்று. ஒரு நாளாவது அதைத் திருப்பி வைக்காமல் விட்டிருக்கலாம்.